ஒரு முகம் இறக்கு

பழைய கார் எஞ்சினுக்கு என்ன வேணும் என்று யார் கேட்டாலும் அப்பாவின் பதில் ஒன்றுதான். "காத்தும் பெற்றோலும் அளவாக் கலக்க வேணும். அது சரி எண்டால் மிச்சத்தைப் பிறகு பாக்கலாம்."

அந்த அளவுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. 1 கிராம் பெற்றோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேணும். கிராம் என்று சொல்லும்போது சின்ன விஷயமாகத் தெரியும். லீற்றரில் சொன்னால் 1 லீற்றர் பெற்றோலுக்கு ஏறக்குறைய 9,000 லீற்றர் காற்று. இப்போதைய கார்களில் இந்தக் கணக்கை ஒரு கணினி பார்த்துக்கொள்கிறது. புகைக்குழாயில் இருக்கும் ஒரு உணரி ஒக்சிசன் எவ்வளவு மிஞ்சுகிறது என்று சொல்ல, கணினி பெற்றோலைக் கூட்டும், குறைக்கும். பழைய கார்களில் இந்த வேலையைச் செய்தவை இரண்டு: ஒரு சின்ன நட், ஒரு மனிதரின் காது.

நான் கலைப்பீடத்தில் தமிழ் படிக்கிறேன். அப்பாவின் கராஜ் வீட்டோடு இருந்தாலும் அங்கே எனக்கு இருந்த வேலை தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுப்பது மட்டும்தான். போன வைகாசியிலிருந்து அது மாறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டரைக்கு லண்டனிலிருந்து பெரியப்பாவின் அழைப்பு வரும். அங்கே அப்போது காலை பத்து மணி. பெரியப்பா தன் காரின் பொனற்றைத் திறந்து வைத்திருப்பார். அப்பா இங்கே வாங்கில் இருப்பார். நான் நடுவில் போனைப் பிடித்துக்கொண்டு இருப்பேன்.

பெரியப்பா வாங்கியது 1970 ஆம் ஆண்டின் எம்.ஜி. மிட்ஜெட். இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய, கூரையை மடித்துவிடக்கூடிய குட்டி ஸ்போர்ட்ஸ் கார். ஓய்வு நெருங்குகிற வயதில் அவருக்கு ஏன் அந்த ஆசை வந்தது என்று பெரியம்மாவுக்கே தெரியாது. வாங்கிய நாளிலிருந்து எஞ்சின் சரியில்லை. சிக்னலில் நின்றால் துடித்துத் துடித்து நின்றுவிடும். ஓடும்போது வேகத்தைக் கூட்டினால் காபரேற்றர் தும்மும். அங்கே ஒரு கராஜில் இரண்டு தடவை காசு கொடுத்துப் பார்த்தார். இரண்டு கிழமை நல்லாக ஓடும், பிறகு பழையபடி. கடைசியில்தான் தம்பிக்குப் போன் எடுத்தார்.

இது சாதாரணமாக நடந்த ஒன்று இல்லை. அப்பாவும் பெரியப்பாவும் கதைப்பது வருசத்துக்கு இரண்டு தரம்: அப்பப்பாவின் திவசத்துக்கும், தைப்பொங்கலுக்கும். அதுவும் "சுகமோ", "ஓம், அங்க குளிரோ" என்பதோடு முடிந்துவிடும். காரணம் வீட்டில் எல்லாருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறப்பதில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அந்தக் காபரேற்றர். அதன் பெயர் எஸ்.யூ. ஜோர்ஜ் ஹேர்பர்ட் ஸ்கின்னர் என்ற ஆங்கிலேயர் 1905 இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த வடிவம். அவருடைய குடும்பம் சப்பாத்து வியாபாரக் குடும்பம். அதனாலோ என்னவோ, முதல் எஸ்.யூ. காபரேற்றர்களுக்குள் பிஸ்ரன் இருக்கவில்லை, தோலில் செய்த துருத்திதான் இருந்தது. பிறகுதான் உலோகப் பிஸ்ரன் வந்தது.

வேலை செய்யும் விதத்தை அப்பா எனக்கு ஒரு ஈர்க்கிலை வைத்துத்தான் விளங்கப்படுத்தினார். ஈர்க்கில் ஒரு பக்கம் தடிப்பு, நுனிப்பக்கம் மெல்லிசு. அப்படி ஒரு ஊசி பிஸ்ரனின் அடியில் தொங்குகிறது. அதன் நுனி பெற்றோல் வரும் துவாரத்துக்குள் இறங்கியிருக்கிறது. அக்சிலேற்றரை மிதித்தால் காற்று கூட உள்ளே போகும், பிஸ்ரன் மேலே எழும்பும், ஊசியும் கூட எழும்பும். இப்போது துவாரத்துக்குள் நிற்பது ஊசியின் மெல்லிய பகுதி. இடைவெளி பெரிசாகிறது, பெற்றோல் கூட வருகிறது. காற்று கூடினால் பெற்றோலும் கூட வேணும் என்ற விதியை ஒரு ஊசியின் வடிவத்துக்குள் வைத்திருக்கிறார்கள். எனக்கு இது வடிவாகப் பிடித்துக்கொண்டது.

காபரேற்றரின் கீழே ஒரு நட் இருக்கிறது. அதை இறக்கினால் துவாரம் உள்ள குழாய் கீழே இறங்கும், பெற்றோல் கூடும். ஏற்றினால் குறையும். அந்த நட்டுக்கு ஆறு முகம். அதனால் அப்பாவின் வாயில் அதற்குப் பெயர் ஆறுமுகம். "ஆறுமுகத்தைச் சும்மா சுத்தக்கூடாது. ஒரு முகம் இறக்கு. பொறு. கேள். பிறகு மற்றது." கலவை சரிசெய்வதற்கு அப்பா சொல்லித் தந்த முழுப் பாடமும் இந்த நாலு வசனம்தான்.

லண்டன் காரைப் பற்றி யாழ்ப்பாணத்தில் இருக்கிறவருக்கு என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். மிட்ஜெட்டின் எஞ்சின் ஏ-சீரிஸ் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. 1951 இல் ஒஸ்ரின் ஏ30 க்காக வந்தது. 1952 இலிருந்து அதையே மொரிஸ் மைனருக்கும் போட்டார்கள். 1956 இல் மைனர் 1000 வந்தபோது 948 சீ.சீ., 1962 இலிருந்து 1098. பெரியப்பாவின் மிட்ஜெட்டில் இருப்பது 1275. மைனரில் ஒரு எஸ்.யூ. காபரேற்றர், மிட்ஜெட்டில் இரண்டு. அவ்வளவுதான். எங்கட ஊரில் கலியாணத்துக்கும் ஆசுபத்திரிக்கும் வாடகைக்கு ஓடின மொரிஸ் மைனரும், இங்கிலாந்தில் காதலர்கள் கூரையைத் திறந்துகொண்டு ஓடின மிட்ஜெட்டும் ஒன்றுவிட்ட சகோதரர்கள்.

அப்பாவுக்கு எஞ்சின் தெரியும். கேட்கத்தான் முடியாது. 1995 இல் பக்கத்தில் விழுந்த ஷெல்லில் இடக்காதின் செவிப்பறை கிழிந்தது. வலக்காதும் இப்போது குறைவு. கராஜில் இதனால் பெரிய பிரச்சினை இல்லை. நீளமான ஸ்குரூ டிறைவரின் முனையை எஞ்சினில் வைத்து, கைபிடியைக் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் அழுத்திக் கேட்பார். செவிப்பறை செய்யாததை எலும்பு செய்யும். ஆனால் போனுக்கு எலும்பு வைக்க ஏலாது. அதனால்தான் நான்.

அங்கேயும் ஒரு சிக்கல். கைபேசி அழைப்பு மனிதக் குரலை விட்டுவிட்டு, விடாமல் இரையும் சத்தத்தைத் தேவையில்லாதது என்று வடிகட்டிவிடுகிறது. பெரியப்பா எஞ்சினுக்குப் பக்கத்தில் போனைப் பிடித்தால் எங்களுக்கு வந்தது தண்ணீருக்குள் யாரோ இருமுவது மாதிரி ஒன்று. அப்போது அப்பா சொன்னார்: "சத்தத்தை அனுப்ப வேண்டாம். அண்ணை, நீங்கள் கேட்டுச் சொல்லுங்கோ."

கேட்டுச் சொல்வது. இரண்டு சொல். ஆனால் முப்பது வருசமாக ஆங்கிலத்தில் வேலை செய்துவிட்டு வரும் ஒரு மனிதர், ஒரு எஞ்சினின் சத்தத்தைத் தமிழில் சொல்ல வேணும். நான் அதை அப்பாவின் வலக்காதுக்குள் உரத்துச் சொல்ல வேணும். சலசல, கடகட என்று இரட்டைக்கிளவியை வகுப்பில் படிக்கிறோம். சோதனைக்கு இரண்டு உதாரணம் எழுதினால் போதும். அந்தச் சொற்களை வைத்து ஒரு வேலையைச் செய்யலாம் என்று நான் அதுவரை யோசித்ததில்லை.

முதல் ஞாயிறு முழுக்க இரண்டு காபரேற்றரையும் சமப்படுத்துவதிலேயே போனது. கலவைக்கு முன்னம் இது செய்ய வேணும். இரண்டையும் இணைக்கும் தண்டைத் தளர்த்திவிட்டு, ஒரு றபர் ரியூப்பின் ஒரு முனையைக் காதிலும் மற்ற முனையை ஒவ்வொரு காபரேற்றரின் வாயிலும் வைத்துக் கேட்க வேணும். இரண்டிலும் காற்று இழுபடும் சத்தம் ஒரே அளவாக இருக்க வேணும்.

"ரெண்டும் உஸ் எண்டுது" என்றார் பெரியப்பா.

"ரெண்டும் பாம்பெண்டால் எது பெரிய பாம்பெண்டு கேள், பிள்ளை" என்றார் அப்பா.

பெரியப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு: "முன்னுக்கு நிக்கிறது நாகம். பின்னுக்கு நிக்கிறது சாரை." மூன்று பேரும் சிரித்தோம். அப்பாவும் பெரியப்பாவும் ஒன்றுக்காகச் சேர்ந்து சிரித்ததை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அடுத்த ஞாயிறு கலவை. எஸ்.யூ. காபரேற்றரின் பக்கத்தில் ஒரு சின்ன ஊசி இருக்கும். அதைத் தள்ளினால் பிஸ்ரன் கொஞ்சம் எழும்பும். எழுப்ப வேண்டியது ஒரு அங்குலத்தின் 32 இல் ஒரு பங்குதான், 0.8 மில்லிமீற்றர். அந்த அளவு கூடுதல் காற்றுக்கு எஞ்சின் மூன்றில் ஒரு பதிலைச் சொல்லும். வேகம் கூடி, கூடினபடியே நின்றால் பெற்றோல் கூட. உடனே தளர்ந்து நிற்கப்போனால் காற்றுக் கூட. லேசாகக் கூடிவிட்டு உடனே பழைய நிலைக்கு வந்தால் கலவை சரி. நல்ல கேள்வி ஒன்றைக் கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்பது போலத்தான்.

சைலன்சர் வாயிலும் கேட்கலாம். "தாளத்தோட தவறினால் பெற்றோல் கூட. பனங்காய் விழுற மாதிரி நினைச்ச நேரம் நினைச்சபடி தவறினால் காத்துக் கூட" என்றார் அப்பா. பிறகு ஒரு பழைய ஆங்கிலக் கைநூலில் தேடிப் பார்த்தேன். பெற்றோல் கூடினால் ஒழுங்கான தாளத்தில் தவறும், புகை கறுக்கும். காற்று கூடினால் ஒழுங்கில்லாமல் தவறும், புகைக்கு நிறமிராது என்று அதிலும் இருந்தது. பனங்காய் மட்டும்தான் இல்லை.

பெரியப்பா குந்தியிருந்து கேட்டார். "பனங்காய்தான்" என்றார்.

அப்பா உடனே "ஒரு முகம் இறக்கு" என்று சொல்லுவார் என்று நான் நினைத்தேன். அவர் வேறு ஒன்று கேட்டார். "அண்ணை, அங்க பெற்றோல் மாத்தினவங்களோ?"

மாற்றியிருந்தார்கள். 2021 புரட்டாதியிலிருந்து பிரித்தானியாவில் சாதாரண பெற்றோல் என்றால் ஈ10, அதாவது 10 சதவீதம் வரை எதனோல் கலந்தது. எதனோலுக்குள்ளேயே ஒக்சிசன் இருப்பதால் அதற்கு வெளியிலிருந்து காற்றுக் குறைவாகத்தான் வேணும். புதிய காரில் கணினி இதைத் தானே சரிக்கட்டும். நட்டு வைத்த காரில் நட்டு பழைய பெற்றோலுக்கே நிற்கும். எஞ்சினுக்குத் தேவைக்கு மிஞ்சி காற்றுப் போகும். இந்த விபரம் முழுவதையும் நான் பிறகு தேடித்தான் தெரிந்துகொண்டேன். அப்பாவுக்கு எதனோலைப் பற்றி ஒன்றும் தெரியாது. "எண்ணெய் மாறினால் எஞ்சினும் பாசையை மாத்தும்" என்று மட்டும் சொன்னார்.

"உனக்கு எப்பிடித் தெரியும்?" என்று பெரியப்பா கேட்டார்.

"மண்ணெண்ணெயில ஓடினனான் தானே."

அந்தச் சொல் வந்ததும் இரண்டு பக்கமும் அமைதி.

அப்பப்பாவிடம் ஒரு மொரிஸ் மைனர் இருந்தது. வாடகைக்கு ஓடியது. பெரியப்பா கார் ஓடப் பழகினதும் அதில்தான். 1990 ஆனியில் சண்டை மீண்டும் தொடங்கிய பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. மின்சாரமும் போனது. ஊரில் ஓடின வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின. 1993 இல் பெரியப்பா வெளிநாடு போனார். அப்பப்பாவுக்கு ஏலாமல் போக, காரை அப்பா ஓடினார். 1995 இல் அதன் எஞ்சின் இறுகிப்போனது. அதே வருசம் ஐப்பசி 30 இல் எல்லாரும் இடம்பெயர்ந்தபோது காரை விட்டுவிட்டுப் போனார்கள். திரும்பி வந்தபோது கார் இல்லை. அப்பப்பாவும் இல்லை. பெரியப்பாவுக்குக் கடிதத்தில் தெரியவந்தது ஒன்றுதான்: தம்பி மண்ணெண்ணெய் ஊற்றி ஓடி எஞ்சின் போய்விட்டது. அவர் திருப்பி எழுதிய கடிதத்தில், அப்பா இருக்கும்போதே அப்பாட காரைச் சாக்காட்டிவிட்டாய் என்று ஒரு வரி இருந்ததாம். அந்த ஒரு வரி இருபத்தெட்டு வருசம் இருந்தது.

அந்த ஞாயிறு பெரியப்பா கொஞ்ச நேரம் பொறுத்து, எஞ்சினை நிறுத்திவிட்டுக் கேட்டார். "மண்ணெண்ணெய்க்கு எப்பிடி வச்சனி?"

வேறு யாராவது கேட்டிருந்தால் அப்பா இரண்டு வசனத்தில் முடித்திருப்பார். அன்று முக்கால் மணித்தியாலம் சொன்னார். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. அதனால் ஒரு சின்னப் போத்தலில் உயிரைப் போல வைத்திருக்கும் பெற்றோலில் கொஞ்சம் காபரேற்றருக்குள் விட்டு எழுப்பி, சூடு ஏறினபிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேணும். பெற்றோலைவிட இதற்கு ஒக்ரேன் குறைவு, எஞ்சின் சுத்தியலால் அடிப்பது மாதிரி அடிக்கும். அதற்கு டிஸ்ரிபியூட்டரைத் திருப்பி பொறி விழும் நேரத்தைப் பிந்த வைக்க வேணும். ஆறுமுகத்தைப் பகலுக்கு ஒரு மாதிரி, இரவுக்கு ஒரு மாதிரி வைக்க வேணும். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் வழிந்து ஒயிலோடு கலக்கும். ஒயில் குறைவதற்குப் பதிலாகக் கூடும். கூடக் கூடத் தண்ணியாகும்.

"ஒயில் மாத்தியிருக்கலாமே?" என்றார் பெரியப்பா.

"ஒயில் எங்க இருந்தது, அண்ணை?"

பிறகு எஞ்சினை விட்டுவிட்டு ஓட்டங்களைச் சொன்னார். லைற் போடாமல் இரவில் பெரியாசுபத்திரிக்குப் போன ஓட்டங்கள். அதில் இரண்டு பிள்ளைகள் காருக்குள்ளேயே பிறந்தது. காசு தர ஏலாதவர்கள் தேங்காய் தந்தது. கடைசியாக இறுகினபோது காருக்குள் இருந்தது அப்பப்பாதான், மூச்சு எடுக்க ஏலாமல். மிச்சத் தூரம் சைக்கிள் கரியரில். இதைப் பெரியப்பா மட்டுமில்லை, நானும் முதல் தடவையாகக் கேட்டேன். அம்மா குசினி வாசலில் வந்து நின்றதை அப்போதுதான் கண்டேன்.

"ஏன்ரா இதை எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லை."

நான் போனைப் பிடித்திருந்தபடியால் அந்தப் பக்கத்து மூச்சு எனக்கு மட்டும்தான் கேட்டது. மன்னிப்பு என்று ஒருவரும் கேட்கவில்லை. கொஞ்சம் பொறுத்துப் பெரியப்பா சொன்னார்: "சரி. ரெண்டிலும் ஒரு முகம் இறக்கவோ?"

"ஓம். ஒண்டுதான். பிறகு பொறுங்கோ."

முன் காபரேற்றர் மூன்று முகத்தில் சரிவந்தது. பின்னது எதற்கும் அடங்கவில்லை. சரிவந்த மாதிரி இருக்கும், ஐந்து நிமிசத்தில் பனங்காய் விழும். அப்பா ஒரு தூரிகையை ஒயிலில் தொட்டு, அக்சிலேற்றர் தண்டு காபரேற்றருக்குள் போகும் இரண்டு முனையிலும் பூசச் சொன்னார். பூசினதும் எஞ்சின் சீராகியது. கொஞ்ச நேரத்தில் மறுபடி குழம்பியது. தண்டு தேய்ந்து, அந்த இடைவெளியால் களவாகக் காற்று உள்ளே போயிருக்கிறது. அங்கே கராஜ்காரர் இரண்டு தரமும் நட்டைத் திருப்பியிருக்கிறார்கள். கணக்கில் வராத காற்று உள்ளே வரும்போது எந்த முகத்தைத் திருப்பியும் பிரயோசனம் இல்லை. பெரியப்பா தண்டையும் புஷ்ஷையும் புதிதாகப் போட்டார்.

அதற்குப் பிறகு வந்தது பிளக் பார்க்கும் வேலை. ஓடி நிறுத்தியபின் பிளக்கைக் கழற்றினால் அதன் நிறம் சொல்லும். கரி படிந்த கறுப்பு என்றால் பெற்றோல் கூட, வெளிறி வெள்ளையாக இருந்தால் காற்றுக் கூட. சரியான நிறத்துக்குக் கைநூல் ஆங்கிலத்தில் ஒரு பெயர் சொல்கிறது. அப்பாவுக்கு அது பனங்கட்டி நிறம். பெரியப்பாவின் கைபேசி படத்தில் எல்லாமே கொஞ்சம் மஞ்சளாக வந்ததால், பிளக்குக்குப் பக்கத்தில் ஒரு துண்டுப் பனங்கட்டியை வைத்துப் படம் எடுக்கச் சொன்னேன். லண்டனில் தமிழ்க் கடையில் வாங்கியிருந்தார். அந்தப் படம் இப்போதும் என் போனில் இருக்கிறது: நாலு பிளக், ஒரு பனங்கட்டி.

2022 இல் பெற்றோல் வரிசையில் நின்ற நாட்கள் உங்களுக்கும் நினைவிருக்கும். கியூஆர் அட்டைக்கு மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் தந்தார்கள். அப்போது எங்கள் கராஜுக்கு வந்த பெடியள் பலர் அப்பாவிடம் மண்ணெண்ணெயில் ஓடுவது எப்படி என்று கேட்டார்கள். அப்பா சொல்லிக்கொடுக்கவில்லை. "அது கெட்டித்தனம் இல்லை, தம்பி. வேற வழி இல்லாததால செய்தது" என்று அனுப்பிவிட்டார். அன்று எனக்கு அது விளங்கவில்லை. வீரக் கதையாகச் சொல்லிப் பெருமைப்பட வேண்டியதை ஏன் மறைக்கிறார் என்று நினைத்தேன். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அப்பப்பாவின் எஞ்சினில் கொஞ்சம் கொடுத்துத்தான் ஓடியிருக்கிறார். அது அவருக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

பொருளாதாரத் தடைக் காலத்தைப் பற்றி நாங்கள் கட்டுரை எழுதுகிறோம், ஒப்படை செய்கிறோம். "அந்தக் காலத்தில் எப்படி இருந்தது?" என்று கேட்கிறோம். அப்படிக் கேட்டால் "கஷ்டம்தான்" என்ற பதில்தான் வரும். பெரியப்பா அப்படிக் கேட்கவில்லை. மண்ணெண்ணெய்க்கு எப்படி வைத்தாய் என்று கேட்டார். கையால் செய்த ஒரு வேலையைப் பற்றி, விளங்கக்கூடிய ஒருவர் கேட்டபோது, மிச்சம் எல்லாம் அதோடு சேர்ந்து வந்தது. உங்கட வீட்டிலும் தையல் மெசின், வள்ளத்து எஞ்சின், றேடியோ என்று எதையாவது அந்த வருசங்களில் ஓடவைத்த ஒருவர் இருப்பார். அவரிடம் பொதுவாகக் கேட்காதீர்கள். எந்தக் கம்பியை எதில் கொழுவினீர்கள் என்று கேளுங்கள்.

நான் ஒரு கொப்பியில் சொற்களை எழுதி வைக்கிறேன். உஸ், தும்மல், பனங்காய், நாகம், சாரை, களவுக்காத்து. இதுவரை நாற்பத்தொன்று. அப்பாவின் கராஜில் இப்போது வேலை பழக வருகிறவர்கள் கணினியைக் கொழுவிப் பார்க்கும் கார்களைத்தான் விரும்புகிறார்கள், அதில் தப்பும் இல்லை. அந்தக் கார்களுக்கு இந்தச் சொற்கள் தேவைப்படாது.

மிட்ஜெட் இப்போது சிக்னலில் நிற்காமல் இரைகிறதாம். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை அழைப்பு நிற்கவில்லை. அங்கே குளிர் தொடங்கிவிட்டது. குளிர்ந்த காற்றுக்கு அடர்த்தி கூட. அரை முகம் இறக்க வேண்டிவரும் என்கிறார் அப்பா. பெரியப்பா அது தேவையில்லை என்கிறார். போன கிழமை இதற்கே ஒரு மணித்தியாலம் சண்டை பிடித்தார்கள்.